தேய்மானக் கணக்கு

கொடைக்கானலில் குடியிருப்பவன் உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. "உடம்பு சரியில்லைன்னா நாங்க கொடைக்கானலுக்கு வர்றோம். நீங்க ஏற்கெனவே அங்கதானே ஸார் இருக்கீங்க?" என்பார்கள். ஏழாயிரம் அடி உயரம், யூகலிப்டஸ் காற்று, சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர் வரும் ஏரி. இத்தனையும் இருந்தும் ஒருவன் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால், அவன் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொதுஜன அபிப்பிராயம்.

எனக்கு வயது முப்பத்தாறு. படித்தது பி.காம். பிழைப்பு, பத்திரிகைகளுக்கு எழுதுவது. பத்து வருடமாக என் முதுகுத்தண்டில் ஒருவர் குடியிருக்கிறார். பெயர் ஆங்கிலோஸிங் ஸ்பாண்டிலைட்டிஸ். வாடகையும் தருவதில்லை, காலியும் செய்வதில்லை.

ஆரம்பத்தில் காட்டிய இடத்தில் "எலும்புத் தேய்மானம்" என்றார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு ரொம்பப் பழக்கமான வார்த்தை. மேஜை, நாற்காலி, மெஷின் எல்லாவற்றுக்கும் வருஷக் கடைசியில் தேய்மானம் போட்டவன்தானே. மூன்று வருடம் அதே கணக்கில் ஓடியது. பெல்ட், தைலம், பலகைக் கட்டில். அப்புறம் மதுரையில் ஒரு மூட்டுவாத நிபுணர் பரிசோதித்துவிட்டு, "தேய்மானம் இல்லப்பா இது. கிட்டத்தட்ட அதுக்கு எதிர்" என்றார். நம்மைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குகிறதாம். அழற்சி வந்து வந்து, நாளடைவில் அந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். ஆக, என் கணக்கில் சொத்து கூடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆபீஸ் நண்பர்கள் இந்தப் பாராவை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். இது தாத்தாக்களுக்கு வரும் வியாதி அல்ல. பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு முன்னால், இருபதுகளிலேயே தொடங்குவது. 'ஆபீஸ் நாற்காலி சரியில்லை', 'பைக் ஓட்டுவதால்' என்று நாமே காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். அடையாளம் சுலபம். வலி மெள்ள ஆரம்பித்து மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். காலையில் அரை மணிக்கு மேல் உடம்பு கட்டை போல விறைத்திருக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும். முக்கியமாக, படுத்து ஓய்வெடுத்தால் குறையாது. எழுந்து நடந்தால் குறையும். இப்படி இருந்தால் தைலத்தை மூடி வைத்துவிட்டு மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். அடியோடு விரட்ட மருந்து இல்லைதான். ஆனால் உடற்பயிற்சி, மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த ஊசி மருந்துகள் என்று கட்டுக்குள் வைக்க வழிகள் உண்டு.

இனி வைத்தியம் சொன்னவர்கள் பட்டியல். முடக்கத்தான் தோசை, நண்டு சூப், பிரண்டைத் துவையல், ஒரு நண்பர் ரகசியமாகச் சொன்ன இன்னொன்று (அது மதுக்கடையில் கிடைப்பது). எதிர் வீட்டு அத்தை, "பழனிக்கு ஒரு நடை போயிட்டு வா தம்பி" என்றார். போய் வந்தேன். பழனி மூலவர் சிலையை ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்தார், ஜனங்களின் நோய் தீரவே செய்தார் என்பது ஐதீகம். அதாவது கைவேலை, வைத்தியம், பிறருக்கு உதவி மூன்றையும் ஒரே வேலையில் முடித்துவிட்டார். சித்தர் பெருமானால் முடியும். என் போன்றவனுக்கு மூன்றும் மூன்று தனிச் செலவு. வரவோ ஒன்றே ஒன்று.

அந்த வரவு என்னவென்று சொல்கிறேன். வலி எல்லோருக்கும் புரிகிறது. அதனுடன் சேர்ந்து வரும் அசதி புரிவதில்லை. ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியது போல ஓர் அசதி. காலண்டரில் நல்ல நேரம் போட்டிருப்பார்களே, அது மாதிரி என் உடம்புக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. காலை பதினொன்றிலிருந்து மாலை நாலு வரை. ஐந்து மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் எழுத்துக்கு, அதாவது அரிசி பருப்புக்கு. மிச்சம் இரண்டு.

அமெரிக்காவில் கிறிஸ்டின் மிசெரண்டினோ என்றொரு பெண். அவருக்கு லூபஸ் என்ற நோய். அதுவும் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வருவதுதான். 'உனக்கு உண்மையில் எப்படித்தான் இருக்கும்?' என்று சிநேகிதி கேட்டபோது, ஹோட்டல் டேபிள்களிலிருந்து பன்னிரண்டு ஸ்பூன்களைத் திரட்டி அவள் கையில் கொடுத்தாராம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான். குளித்தால் ஒன்று போச்சு, டிரஸ் பண்ணினால் இன்னொன்று போச்சு, ஆபீஸ் போவதற்குள் பாதி காலி. 2003-இல் அவர் எழுதிய இந்த 'ஸ்பூன் கணக்கு' உலகம் முழுக்க நோயாளிகளின் பாஷையாகிவிட்டது. படித்ததும் நான் சொன்னது: "அட, பட்ஜெட்!"

என் கடைசி இரண்டு ஸ்பூன்களுக்குத்தான் போட்டி. ஒரு பக்கம் என் கைவேலை. இன்னொரு பக்கம் ஊர்.

கைவேலை வந்த விதம் இது. "அரை மணிக்கு மேல ஒரே இடத்துல உட்காராதே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுகொண்டே செய்யும் பொழுதுபோக்கு என்ன இருக்கிறது? செஸ்ஸுக்கு உட்கார வேண்டும். கேரத்துக்குக் குனிய வேண்டும். நம் ஊரில் கிரிக்கெட்டே சோபாவில்தான் ஆடப்படுகிறது. அந்தச் சமயம் பார்த்து என் பழைய அக்கவுண்டன்ஸி புத்தகம் கையோடு பிய்ந்து வந்தது. மலையில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். புத்தகங்கள் பூசணம் பிடித்து உதிரும். அதைத் தைக்கத் தெரிந்துகொள்ள, வத்தலக்குண்டில் ஓய்வு பெற்ற பைண்டர் ஒருவரிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன்.

மேஜைக் கால்களுக்கு அடியில் நாலு செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டேன். நின்றபடி வேலை. பிய்ந்த புத்தகத்தைப் ஃபாரம் ஃபாரமாகப் பிரித்து, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்ட வேண்டும். மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது. மேலே பாரத்துக்கு எங்கள் வீட்டு அம்மி. சமவெளியில் ஒரு ராத்திரியில் காயும் பசை இங்கே மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். வெறும் பசையால் ஒட்டிய முதுகைவிட, தைத்த முதுகு நன்றாக விரிந்து கொடுக்கும் என்று பைண்டர் ஐயா சொன்னார். ஒட்டிப்போகும் முதுகைப் பற்றி அவர் எனக்குச் சொல்ல வேண்டுமா?

அடுத்து ஊர். எங்கள் ஊர்ப் பெயரிலேயே 'கொடை' இருக்கிறது. கேட்டவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? பி.காம். என்று தெரிந்த நாளிலிருந்து மூஞ்சிக்கல் பக்கத்து ஜனங்களுக்கு நான்தான் பாங்க் ஃபாரம், விதவைப் பென்ஷன் மனு, பட்டா மனு, வருமான வரிக் கணக்கு எல்லாம். பைண்டிங் தெரிந்ததும் பாடப் புத்தகங்களும் சேர்ந்துகொண்டன. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்.

இரண்டு மணி நேரத்தில் எதை வெட்டுவது? வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். "பைண்டிங்கை விடுப்பா. அது பொழுதுபோக்கு. மனுஷாளுக்கு உதவுறதுதானே முக்கியம்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் இது. பென்ஷன் மனுவுக்குக் கடைசித் தேதி உண்டு. கட்டுரைக்கு எடிட்டர் சொன்ன தேதி உண்டு. மாத்திரைக்கு நேரம், வலிக்கு அதன் இஷ்டம். என் நாளில் எல்லாமே அடுத்தவர் கடிகாரத்தில் ஓடுகிறது. பசை மட்டும்தான் என்னை அவசரப்படுத்துவதில்லை. அந்த ஒரு வேலையில் நான் நோயாளி இல்லை, வேலைக்காரன். அந்த அரை மணி நேரம் முடிந்து எதிரே உட்காரும் பாட்டியிடம் 'சொல்லுங்க ஆத்தா' என்று முகம் கோணாமல் கேட்க முடிகிறது. கம்பெனிக் கணக்கில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய நிலைச் செலவு என்று ஒன்று வரும். கட்டட வாடகை மாதிரி. பைண்டிங்கை நான் அந்தத் தலைப்பில் எழுதிவிட்டேன். தினம் முதல் அரை மணி அதற்கு. மிச்சம் ஒன்றரை மணி ஊருக்கு. அதற்கு மேல் வந்தால், "நாளைக்கு வாங்க." முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் அவர்களே, "தம்பிக்கு நாலு மணிக்கு மேல ஆகாது" என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

போன வருடம் டிசம்பரில் அந்தக் கணக்கும் ஒரு வாரம் படுத்துவிட்டது. ராத்திரிக் குளிர் எட்டு டிகிரி வாக்கில். கழுத்து திரும்பவில்லை. கட்டிலில் கிடக்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு துண்டான அறிவியல் புத்தகத்தோடு வந்து நிற்கிறான். இரண்டு நாளில் அரையாண்டுத் தேர்வு.

"அண்ணே, முடியலைன்னா பரவாயில்லண்ணே" என்றான். பரவாயில்லை என்ற முகம் இல்லை அது.

"உனக்குக் கை இருக்குல்ல? ஊசியை எடு" என்றேன்.

படுத்தபடியே நான் சொல்லச் சொல்ல அவன் பிரித்தான், துளை போட்டான், தைத்தான். விரலில் இரண்டு குத்து. தையல், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு போல வளைந்து வளைந்து போனது. ஆனால் புத்தகம் நின்றது. பசை வேண்டாம், காய நேரமில்லை என்று தையலோடு கொடுத்தனுப்பினேன். அவன் அந்தப் புத்தகத்தை வகுப்பில் காட்டியிருக்கிறான். மறு வாரம் மூன்று பேர் வந்து, "எங்களுக்கும் சொல்லிக் குடுங்கண்ணே" என்றார்கள். இந்த ஜூனில் வாசலுக்கு வந்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அவர்கள் தைத்தது. என் ஸ்பூன் செலவாகவில்லை.

ஹென்ரி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் ஆரம்பத்தில் நம்மைப் போல ஆபீஸ் குமாஸ்தா. வக்கீல் ஆபீஸில் பேப்பர் நகல் எடுக்கும் வேலை. இருபது வயது வாக்கில் குடல்வால் அழற்சியில் படுத்தபோது, பொழுது போகட்டும் என்று அம்மா ஒரு வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். ஓவியர் ஆனார். 1941-இல் வயிற்றில் பெரிய ஆபரேஷன். அப்புறம் சக்கர நாற்காலியும் படுக்கையும்தான். நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் காகிதத்தில் வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் கத்தரிக்கோலால் வெட்டி, அவர்களை விட்டே சுவரில் ஒட்டவைத்தார். மற்றதையெல்லாம் பிறர் கைக்கு மாற்றிவிட்டார், வெட்டுவதை மட்டும் விடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவருடன் தோள் கொடுத்த எஸ். சங்கரராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். (எங்கள் காமர்ஸ் ஆட்கள் சோடை போவதில்லை.) அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கற்றுத் தருகிறார்கள். அந்த இருவரும் ஒவ்வொருத்தருக்கும் தாங்களே எழுந்துபோய் உதவுவதென்றால், ஒருத்தருக்குக்கூட உதவியிருக்க முடியாது.

எனக்குப் பயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊசியில் நூல் கோக்கக் கழுத்தைத் தாழ்த்த முடியாத நாள் ஒன்று வரலாம். கல்லூரியில் தேய்மானம் போட இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்கள். நேர்கோட்டு முறையில் ஒரு நூறு ரூபாய் மேஜைக்கு வருடம் பத்து ரூபாய் கழித்தால், பத்தாவது வருடம் பூஜ்யம். குறைந்துசெல் மதிப்பு முறையில் மிச்சத்தில் பத்து சதவிகிதம். நூறு தொண்ணூறாகும், எண்பத்தொன்றாகும், எழுபத்திரண்டே தொண்ணூறாகும். எத்தனை வருடம் போட்டாலும் பூஜ்யம் வராது. அப்போது பரீட்சைக்காகப் படித்தது. இப்போது வருஷக் கடைசியில் உடம்புக் கணக்கை எழுத இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன்.

அம்மிக்கு அடியில் இப்போது ஆறு புத்தகம் இருக்கிறது. நான் தைத்தது இரண்டு, பையன்கள் தைத்தது நாலு. உங்களிடமும் பிய்ந்த புத்தகம் ஏதாவது இருந்தால், சீஸனுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். நாலு மணிக்கு முன்னால் வாருங்கள். மூன்று நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். பசை காய வேண்டாமா?