பீடத்துக்குள் வந்த பறை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து அரசரடி வழியாக வந்தேன். தமிழ்நாடு இறையியல் கல்லூரியைக் கடக்கையில் அங்கே கற்பித்த தியோபிலஸ் அப்பாவு ஐயா ஞாபகம் வந்தது. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் காலமானார்.

கீர்த்தனையும் ஞானப்பாட்டுமாக இருந்த வழிபாட்டுக்குள் கிராமத்து மெட்டையும் பறையையும் கொண்டுவந்தவர் அவர். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்று பாட்டாகவே போதித்தார். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த பறை ஆராதனையில் முழங்கியதே, அதைவிடப் பெரிய பிரசங்கம் எது?

"பீடத்தில் சாதி பேசலாமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டார்கள். கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். மோதிய இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான். இதைப் பீடத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் பட்டியல் சாதியினராக ஏற்கப்படவில்லை. அதை எதிர்த்து டெல்லி வரை போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டுச் சம்பந்தம் பேசும்போது சாதி கேட்கிறோமே?

ஆயர்மாரே, வரும் ஞாயிறு அதைப் பேசுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேட்க நாங்கள் இருக்கிறோம்.