வால்பாறையா, மூணாறா?

கேரள எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்திலிருந்து இரண்டு நாள் கோடைப் பயணம். மலை ஒன்றுதான். ஏறும் சாலைகள்தான் வேறு.

ஏப்ரல் மாதத்தில் மீனாட்சிபுரத்துக் காற்றில் ஈரம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறது ஊர். மழைக்காலத்தில் குளிர்ந்த காற்றைத் தமிழ்நாட்டுக்குள் அனுப்பிவைக்கும் இதே வாசல், கோடையில் சமவெளியின் அனலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை அறிவிக்க வேண்டியதாயிற்று. பள்ளிகள் மூடியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மின்விசிறியும் சூடாகச் சுற்றும் அந்த நாட்களில், இரண்டு நாள் மலைக்குப் போய்வருவது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மலைக்கு என்பதில்தான் வீடு இரண்டுபடுகிறது.

ஐரோப்பாவுக்குப் போகிற வசதி உள்ளவர்கள் பாரிசா, ரோமா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கணக்குத்தான்: கையில் இருக்கும் நாட்கள் எத்தனை, அதில் சாலைக்குப் போவது எத்தனை, பார்ப்பதற்கு மிஞ்சுவது எத்தனை. பணம் கூடக்குறைய இருக்கலாம். நாள் மட்டும் யாருக்கும் கூடுவதில்லை.

மீனாட்சிபுரம் இருப்பது கேரளத்தின் சித்தூர் தாலுகாவில். ஆனால் மாவட்டத் தலைநகரான பாலக்காட்டைவிடப் பொள்ளாச்சிதான் பக்கம். 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். பெயர்ப்பலகையில் மலையாளம், கடைத்தெருப் பேச்சில் தமிழ். ஓணம் நெருங்கினால் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடி இங்கேதான் இருக்கிறது. 1932ல் போட்ட பொள்ளாச்சி - பாலக்காடு மீட்டர்கேஜ் பாதை 2008ல் மூடப்பட்டு, அகலப்பாதையாகத் திரும்பிவர 2015 ஆயிற்று. ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்கு ரயிலால் பயனில்லை. பொள்ளாச்சி போய்த்தான் ஆக வேண்டும். அங்கே சாலை பிரிகிறது: தெற்கே ஆழியார், வால்பாறை, கிழக்கே உடுமலை, அங்கிருந்து சின்னாறு, மறையூர், மூணாறு.

பரம்பிக்குளம் என்ற மூன்றாவது பெயரை வீட்டில் யாராவது எடுப்பதுண்டு. பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும், தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாக மட்டுமே காரில் போக முடிகிற விசித்திரமான இடம். புலிகள் காப்பகம். கன்னிமாரா தேக்கைப் பார்க்க ஒரு முறை போகலாம். ஆனால் அது காடு பார்க்கிற பயணமே தவிர, குளிர் தேடும் பயணமல்ல. மே மாதத்தில் அங்கேயும் வியர்க்கும்.

வரைபடத்தை விரித்தால் ஒரு வேடிக்கை தெரியும். வால்பாறைக்கு மேலே இருக்கும் புல்மலையும் மூணாறின் இரவிகுளம் தேசியப் பூங்காவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வரையாடுகளுக்கு எல்லை கிடையாது; மனிதருக்குத்தான் இரண்டுக்கும் நடுவே வண்டி போகிற பாதை இல்லை. வால்பாறையிலிருந்து மூணாறு போக வேண்டுமானால் மலையை முழுதாக இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை சுற்றி மறுபடி ஏற வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று தாளில் போடுகிற திட்டம், பின்சீட்டில் பிள்ளைகளின் வாந்தியில்தான் முடியும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியார் அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரலாம். 9வது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தாதவர்கள் இல்லை. கீழே ஆழியார் நீர் ஒரு கண்ணாடித் துண்டாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரப் பாறையில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு நின்றுகொண்டு, வந்தவர்களை அலட்சியமாகப் பார்க்கும். மூணாறில் இதே ஆட்டைப் பார்க்க வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும்.

அந்த ஆழியார் நீரில் மீனாட்சிபுரத்துக்காரர்களுக்குப் பங்கு உண்டு. வால்பாறை மலையின் நீராற்றிலும் சோலையாற்றிலும் விழும் மழை, சுரங்கங்கள் வழியாகப் பரம்பிக்குளம், தூணக்கடவு என்று அணை அணையாக இறங்கி ஆழியாறுக்கு வருகிறது. 1970ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்குத் தமிழ்நாடு விட வேண்டும். சித்தூர் தாலுகாவின் நெல்லும் தென்னையும் அதை நம்பித்தான் நிற்கின்றன. கோடை வந்தால் இந்தக் கணக்கில் தகராறும் வரும். தோப்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆறு மாதம் புலம்பிய குடும்பம், அந்தத் தண்ணீர் பிறக்கிற இடத்தைப் போய்ப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறையிலிருந்து பக்கம்தான்.

வால்பாறை நகரம் அழகானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு கடைவீதி, பேருந்து நிலையம், அடுக்கடுக்காக ஏறும் தகரக் கூரைகள். அழகெல்லாம் வெளியே: தேயிலைக்கு நடுவே தீவு தீவாக மிஞ்சியிருக்கும் மழைக்காடுகள், புதுத்தோட்டத்தில் சாலையைக் கடக்கும் சோலை மந்திகள், சிறகடிக்கும் சத்தம் நீராவி எஞ்சின் மாதிரி கேட்கும் மலை இருவாச்சிகள். யானைகள் தோட்டங்களுக்குள்ளேயே நடமாடுகின்றன. எந்தப் பகுதியில் யானை நிற்கிறது என்று தொழிலாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டை 2011ல் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் தொடங்கியது. சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், அது அலங்காரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது.

இந்தத் தோட்டங்களை உருவாக்க, தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த கூலிகள் மலேரியாவில் கொத்துக்கொத்தாக மாண்ட கதையை, இங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு அடிப்படை. அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இப்போது மலையைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். 2001ல் சுமார் 95 ஆயிரமாக இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 2011ல் 71 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. காலியான லயன் வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள். தேநீர்க் கடையில் இந்தி கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மூணாறு வேறு ரகம். உயரம் 1,500 மீட்டருக்கு மேல். வால்பாறையைவிட 500 மீட்டர் அதிகம் என்றால் குளிரும் மூன்று டிகிரி அதிகம். தேயிலைக்கு மேல் தேயிலை, அதற்கு மேல் ஆனைமுடி, 2,695 மீட்டர். பார்த்தவுடன் மயங்கவைப்பதில் வால்பாறை இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தப் புகழ்தான் மூணாறின் சங்கடமும். மே மாதச் சனி, ஞாயிறுகளில் மாட்டுப்பட்டி சாலையில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. அறை வாடகை குளிரைவிட வேகமாக ஏறுகிறது. 1999ல் வந்த ரஜினி படத்தின் பெயரைத் தாங்கிய ‘படையப்பா’ என்ற காட்டு யானை அவ்வப்போது சாலைக்கு வந்து, மிச்சமிருக்கும் போக்குவரத்தையும் நிறுத்திவைக்கிறது.

ஆனால் உடுமலை வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு லாபம்: சாலையே பாதிப் பயணம். சின்னாறு, மழை மறைவுக் காடு. முள்மரங்களும் வெயிலில் காய்ந்த பாறைகளுமாக, கேரளத்தில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். சாம்பல் நிற அணில், நட்சத்திர ஆமையெல்லாம் இங்கே உண்டு. மறையூரில் சந்தனக் காடு, சாலையின் இருபுறமும் கம்பி வேலிக்குள். ‘முனியறை’ என்று சொல்லப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள். கரும்பு காய்ச்சும் வாசனை வந்தால் வண்டியை நிறுத்துவது நல்லது. மறையூர் வெல்லத்துக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டை கறுப்பாக இருக்கும், அதுதான் சரியான நிறம்.

மூணாறும் மொழியால் அந்நியமல்ல. 1877ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த காலத்துக்குப் பின், தேயிலை கீழே இறங்கியது தமிழ்நாட்டுப் பக்கமாகத்தான். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் போடி பக்கம் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, பிறகு யாரும் அதைப் போடவில்லை. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர். 2015 செப்டம்பரில் போனஸ் வெட்டை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டியடித்து 20 சதவீதம் வாங்கிய ‘பெண்கள் ஒற்றுமை’ இவர்களுடையது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரை விழுங்கியபோது, அழுகுரல் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வரை கேட்டது. வரையாடு பார்க்க ராஜமலைக்கு வருகிறவர்களில் அந்த லயன் வீடுகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

சரி, எது? பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இரண்டரை மணி நேரம் போதும். மூணாறுக்கு உடுமலை வழியாக நான்கு மணி நேரம், நெரிசலில் ஐந்து. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டியவர்களுக்கு, அதிலும் வயதானவர்கள் கூட வந்தால், வால்பாறைதான். மூணாறுக்கு மூன்றாவது நாள் வேண்டும்: ஒன்று ஏறுவதற்கும் மறையூருக்கும், ஒன்று இரவிகுளத்துக்கு, ஒன்று இறங்க. இரண்டு நாளில் மூணாறு போய்வந்தவர்கள் பெரும்பாலும் முன்னால் போன காரின் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்திருப்பார்கள். குட்டி ஈனும் பருவத்துக்காகப் பூங்காவைப் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுகிறார்கள். ஏப்ரலில் போனால் குட்டிகளோடு பார்க்கலாம். குறிஞ்சிக்காகப் போவதென்றால் 2018க்குப் பிறகு அடுத்தது 2030.

வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்துகொண்டு கிளம்பினால் ஆழியார் சாவடியில் நிற்க வேண்டாம். ஆறுகளில் இறங்கும்போது ஜாக்கிரதை. 2023 அக்டோபரில் ஐந்து கல்லூரி மாணவர்கள் வால்பாறையில் மூழ்கி இறந்தது, பார்வைக்குச் சாதுவாக ஓடிய தண்ணீரில்தான். ஜூன் பிறந்தால் பள்ளி திறக்கும், மழையும் பிடித்துக்கொள்ளும், அட்டைகள் காலில் ஏறும். அதற்குமுன், மே மாதத்து வேலைநாள் ஒன்றைப் பார்த்துப் போய்விடுவது உத்தமம். செவ்வாய், புதன் என்றால் 40 வளைவுகளிலும் எதிரே வண்டி குறைவு.