இறங்கும் படி

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலப் பங்கொன்றில் நான் பணியாற்றிய நாள்களில், முதிய தம்பதியர் காருக்குப் பின்னே இழுத்துச் செல்லும் தங்கள் பயண வீட்டுக்குப் படி வாங்கப் புறப்பட்டனர், என்னையும் உடனழைத்தனர். பழைய மடக்குப்படி அடிச்சட்டத்தில் தொங்கியதால் மிதிக்குந்தோறும் ஆடியது.

வாசல், தரையிலிருந்து 30 அங்குல உயரம். இரண்டு படிகள் எனில் ஒவ்வோர் ஏற்றமும் 10 அங்குலம். மூன்று எனில் ஏழரை. எடை குறைவென்று இரண்டையே நான் பரிந்துரைத்தேன்.

“ஏறுவதை மட்டுமே எண்ணுகிறீர்கள், தந்தையே. இறங்கும்போதுதான் என் முழங்கால் அஞ்சுகிறது. சென்ற பயணத்தில் பாதி நாள் நான் வெளியே வரவேயில்லை” என்றார் மூதாட்டி.

“களைப்பு என்றல்லவா நினைத்தேன்!” என்றார் கணவர், மெல்ல.

தரையில் ஊன்றும் கால்களும் கைப்பிடியும் கொண்ட மூன்று படிகளை வாங்கினோம். அறிவுரை கூறுமுன், இறங்குபவரைக் கேட்டறிய வேண்டும் என்பதை அன்று கற்றேன்.