பாதரசச் சுத்தியின் மூலம்

கொட்டிவாக்கத்தை ஒட்டி வடக்கே அமைந்த திருவான்மியூரில் இயங்கும் இம்ப்காப்ஸ் என்னும் நிறுவனம், 1944-இல் நாட்டு மருத்துவர்கள் கூட்டுறவு முறையில் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்று மரபுகளின் மருந்துகளையும் அது செய்துவருகிறது. இம்மரபுகளில் பாதரசம் எம்மருந்தில் சேர்வதாயினும் முதலில் அதைச் ‘சுத்தி’ செய்தாக வேண்டும் என்பது விதி. நஞ்சென்று அறியப்பட்ட ஓர் உலோகத்தைத் தூய்மைப்படுத்தி உண்ணலாம் என்னும் எண்ணத்தின் மூலத்தைத் தேடுவோருக்கு இக்கடற்கரையின் பழைய வரலாறே ஒரு தடயம் தருகிறது. மயிலாப்பூரில் உள்ள புனித தோமாவின் கல்லறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவ்விடத்துக்கு மேற்கே இருப்பதாகத் தாம் கூறும் நாட்டை வருணிக்கையில், நீண்ட ஆயுளுக்காகப் பாதரசத்தையும் கந்தகத்தையும் கலந்து மாதம் இருமுறை அருந்தும் யோகியரைக் குறிப்பிடுகிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழக்கம் அயல்நாட்டுப் பயணியின் காதுக்கும் எட்டியிருந்தது.

வடமொழி ரச நூல்கள் ‘ரசம்’ என்னும் பாதரசத்துக்குரிய பதினெட்டுச் சடங்குகளை, அதாவது ‘சம்ஸ்காரங்களை’, விரித்துரைக்கின்றன. அவற்றுள் வேதுபிடித்தல், அரைத்தல், வடித்தல் முதலான முதல் எட்டே மருந்துக்குரியவை, எஞ்சியவை பொன் செய்யும் ரசவாதத்தை நோக்கியவை. பாதரசத்தின் குற்றங்களாக அந்நூல்கள் சொல்லும் ‘நாகம்’, ‘வங்கம்’ என்பன முறையே ஈயமும் வெள்ளீயமும் ஆகும் என்பதே இத்தேடலில் கிடைக்கும் மிக முக்கியமான செய்தி. இவ்விரண்டும் பாதரசத்தில் எளிதில் கரைந்து மறைந்துவிடுவதால் கண்ணால் கண்டு பிரிக்க முடியாது. ஆனால் பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் ஆவியாக, ஈயமோ 1,700 டிகிரியைத் தாண்டிய பின்னரே கொதிக்கும். ஆகவே இரு பானைகளை வாயோடு வாய் பொருத்தி, மண்சீலையிட்டு, அடியில் எரித்து, மேற்பானையை ஈரத்துணியால் குளிர்வித்து ரசத்தைப் பிடிக்கும் ‘டமரு யந்திரம்’ மெய்யான வேதியியல் கருவியே. பாதரசத் தாதுவான சாதிலிங்கத்தை எலுமிச்சைச் சாற்றில் அரைத்து இவ்வாறு வடித்த ரசத்தைச் சித்த மருத்துவர்கள் ‘வாலை ரசம்’ என்பர். செங்கல் தூள், மஞ்சள் தூள் இவற்றோடு அரைத்துக் கழுவிக் குப்பைமேனிச் சாற்றில் எரிக்கும் எளிய முறையும் அவர்களிடம் உண்டு.

1896-இல் மெர்க்குரஸ் நைட்ரைட்டைக் கண்டறிந்த பிரபுல்ல சந்திர ராய், 1902-இல் இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்டு, இந்நூல்களை ஆய்வுக்கூடக் குறிப்புகளாக மதித்துப் படிக்கலாம் என்று காட்டினார். அவ்வாறு படிக்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது: சுத்தியால் நீங்குவது கலப்படமேயன்றிப் பாதரசத்தின் இயல்பான நச்சுத்தன்மை அன்று. சுத்தி செய்த ரசத்தைக் கந்தகத்தோடு கறுக்குமளவும் அரைக்கும்போது விளையும் ‘கஜ்ஜளி’ என்னும் பாதரச சல்பைடு நீரில் அரிதாகவே கரைவதால் உடலில் குறைவாகச் சேர்கிறது. ஆயினும் அதனைத் தீங்கற்றதெனக் கொள்வதற்கில்லை, கந்தகத்தோடு கூடாமல் எஞ்சும் ரசம் மேலும் ஆபத்தானது.

இதனாலேயே இந்திய மருந்து விதிகள் இ(1) அட்டவணையில் பாதரசத்தை நச்சுப்பொருளாகக் குறித்து, அது சேர்ந்த மருந்தின் கொள்கலத்தில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடக் கட்டளையிடுகின்றன. தமிழ்நாட்டில் விற்கப்படும் ரச மருந்துகளில் அவ்வெச்சரிக்கை தமிழிலும் இடம்பெறல் வேண்டும்.