மிக்ஜாம் புயலும் ஒரு ரெண்டு சீட்டு காரும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எல்லோருக்கும் வேகம்தான் ஞாபகம் வரும். அம்பத்தூரில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், உயரம்தான் ஞாபகம் வரும். அதாவது உயரம் இல்லாதது. சாதாரண ஹேட்ச்பேக் காருக்கு அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் 165, 170 மி.மீ. இடைவெளி இருக்கும். இந்த மாதிரி கார்களுக்கு 120 இருந்தால் பெரிய விஷயம். இந்திய சாலை காங்கிரஸ் (கட்சி இல்லை, ரோடு போட விதிமுறை எழுதுகிற அமைப்பு) சொல்வது ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். கணக்குப்படி பார்த்தால் ஒரு விரல் அகலத்தில் தப்பித்துவிடலாம். ஆனால் எங்கள் தெருவில் இருப்பது அந்த விதியைப் படித்தவர் போட்டது மாதிரி தெரியவில்லை.

எனக்கும் இப்படிப்பட்ட காருக்கும் சம்பந்தம் வந்தது மாமாவால். அம்பத்தூர் எஸ்டேட் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். 2023 நவம்பர் கடைசியில் அண்ணாநகர்காரர் ஒருவர் பிரேக் பேட் மாற்றச் சொல்லி ஒரு ரெண்டு சீட்டு காரை விட்டுவிட்டு சிங்கப்பூர் போய்விட்டார். எந்தக் கம்பெனி கார் என்பது வேண்டாம். ஷெட்டில் உள்ள மற்ற வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் அந்தக் காரில் பாதி வராது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

டிசம்பர் 3, ஞாயிறு. மிக்ஜாம் வருகிறது என்று காலையிலிருந்தே டிவி கத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் மழை பிடித்தது, விடவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மாமா போன். "மாப்ள, ஷெட் வாசல்ல தண்ணி ஏறுது. கிளம்பி வா."

போனேன். காரை எங்கே கொண்டு போவது என்பதுதான் கேள்வி. ஓனர் வீட்டில் பார்க்கிங் பேஸ்மென்ட்டில் இருக்கிறது, அதுதான் முதலில் நிறையும். பாடியில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் கல்யாண மண்டபம் பார்த்துக்கொள்கிறார். அதன் முன்வாசல் ரோட்டை விட நாலடி உயரம். மூணு, நாலு கிலோமீட்டர்தான். ஆனால் முதல் அரை கிலோமீட்டர் தண்ணீர்.

இங்கே கொஞ்சம் டெக்னிகல். தண்ணீரில் காருக்கு ஆபத்து சீட் நனைவது இல்லை. இன்ஜின் மூச்சு வாங்குகிற வழி, அதாவது ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாய், இந்த மாதிரி கார்களில் பல நேரம் பம்பருக்குப் பின்னாலேயே தாழ்வாக இருக்கும். அது வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் முடிந்தது கதை. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. அமுங்காததை அமுக்கப் போனால் கனெக்டிங் ராட் வளையும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் பாதி தண்ணீரால் செத்தவை இல்லை, தண்ணீருக்குள் நின்றுபோன பிறகு சாவியைத் திருப்பித் திருப்பி சாகடித்தவை என்று மாமா சொல்வார். இன்சூரன்ஸும் அங்கேதான் கை விரிக்கும். இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் உண்டு. இந்தக் காருக்குக் கட்டியிருக்கிறதா? தெரியாது. ஓனர் போனை எடுக்கவில்லை.

மாமா டேப் வைத்து அளந்தார். குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். அலை அடித்தால் ஏறும் என்று மூணு இஞ்ச் கழித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் காலில் ஒன்பது இஞ்ச் உயரத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார்.

"நான் முன்னாடி நடக்கறேன். டேப் தெரியற வரைக்கும் வா. கையைத் தூக்கினா நிறுத்து, ஆஃப் மட்டும் பண்ணாத."

"நான் நடக்கறேன் மாமா, நீங்க ஓட்டுங்க."

"உனக்கு எங்க மூடி இல்லன்னு தெரியுமா?"

மேன்ஹோல் மூடியைச் சொன்னார். தெரியாதுதான். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர் அவர். தவிர அந்த சீட்டில் உட்காருவதற்கு முட்டியை மடக்கி, குனிந்து, உருள வேண்டும். மாமாவின் முட்டி அதற்கெல்லாம் ஒத்துழைக்காது. லைசென்ஸ் வாங்கி எட்டு மாதமான நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் உலகமே மாறிவிட்டது. எதிரில் வந்த லாரியின் சக்கரம் என் கண்ணுக்கு நேரே. அது தள்ளிவிட்ட அலை பானெட் மேல் ஏறி கண்ணாடி வரை வந்தது. உள்ளே கண்ணாடி பனி பிடித்துக்கொண்டது, ஏசியைப் போட்டதும் சரியானது. நடுங்கிக்கொண்டே ஏசியில் உட்கார்ந்திருந்தேன். ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலரேட்டரில் கால் ஒரே சீராக, மனுஷன் நடக்கிற வேகம். ஹெட்லைட் வெளிச்சத்தில் மாமாவின் கால் மட்டும். சிவப்பு டேப் தெரிகிறது, மறைகிறது, தெரிகிறது.

ஒரு இடத்தில் மறைந்தது மறைந்ததுதான். மாமா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கை மேலே வந்தது, எனக்குக் காட்டவா விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. நிறுத்தினேன். இறங்கலாம் என்று கதவைத் தொட்டேன், திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். அந்த ரெண்டு செகண்ட் நான் யோசித்தது காரைப் பற்றி. இதை மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவரே காலை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார், இடது பக்கமாகப் போ என்று கை காட்டினார்.

மெயின் ரோடு வந்ததும் மாமா எப்படியோ உருண்டு பக்கத்து சீட்டில் விழுந்தார். நனைந்த பிரேக் பிடிக்காது என்று லேசாக மிதித்து மிதித்து வரச் சொன்னார். சி.டி.எச். ரோட்டில் தண்ணீர் மெல்லிசாகப் படிந்திருந்தது. மண்ணூர்ப்பேட்டை தாண்டி நாற்பதுக்குக் கொஞ்சம் மேல் போயிருப்பேன், ஸ்டியரிங் திடீரென்று காற்றில் சுற்றுகிற மாதிரி லேசாகிவிட்டது. அகலமான டயர், தேய்ந்தும் இருந்தது. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள முடியாதபோது கார் தண்ணீர் மேலேயே வழுக்கும். சட்டப்படி அந்தப் பள்ளம் 1.6 மி.மீ. ஆவது இருக்க வேண்டும், ஆனால் மழைக்கு அது பத்தவே பத்தாது. "பிரேக்கைத் தொடாத" என்றார் மாமா. காலை மட்டும் எடுத்தேன். பிடித்துக்கொண்டது.

பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, 1990லிருந்து. அங்கே மழையில் ஒரு ரேஸ் பார்த்திருக்கிறேன். வெயிலில் எல்லோரும் போகிற பாதையில் டயர் ரப்பர் தேய்ந்து ஒட்டியிருக்கும், மழை விழுந்தால் அதுதான் அதிகம் வழுக்கும். அதனால் நல்ல டிரைவர்கள் வளைவில் அதை விட்டு வெளிப்பக்கமாகப் போவார்கள். பெரிய வித்தை கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன். பாடிக்குப் போக அது ஒன்றுக்கும் உதவவில்லை.

மண்டபத்தின் சரிவில் நேராக ஏற்றியிருந்தால் பம்பரின் கீழ் உதடு இடித்திருக்கும். பந்தல் பலகை ரெண்டைப் போட்டு, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி கோணலாக ஏற்றினோம். அப்படியும் ஒரு சின்ன 'கிர்ர்'.

மறுநாள் விமான நிலையத்தையே மூடினார்கள். ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். மாமாவின் கம்ப்ரஸர் போனது. அந்த வாரம் டிசம்பர் 9, 10இல் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த ஃபார்முலா 4 ரேஸும் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று தேதி வைத்தார்கள், அந்த சனிக்கிழமையும் மழை வந்து நேரத்தைக் குழப்பியது. அந்தக் கார்கள் என் ரெண்டு சீட்டை விடவும் தாழ்வு. மழைக்கென்று பள்ளம் வெட்டிய டயர் தனியாக உண்டு என்பது ஒரு ஆறுதல்.

ஓனர் பத்து நாள் கழித்து வந்தார். சுற்றிப் பார்த்தார், குனிந்து பம்பர் அடியில் விரலால் தடவினார். "இது என்ன கீறல்?" என்றார். மாமா ஒன்றும் விளக்கவில்லை. "டச்சப் பண்ணித் தரேன் சார்" என்றார், அதற்குக் காசும் வாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் யார் கோபப்பட?

அன்று ராத்திரி மண்டபத்து வராண்டாவில் மாமா அந்த டேப்பை உரித்தார். முடியோடு வந்தது. கணுக்காலுக்கு மேல் ஒரு நீளமான சிராய்ப்பு இருந்ததை அப்போதுதான் ரெண்டு பேரும் பார்த்தோம்.