ருன்சாங்கில் ஒலித்த யுக்குலேலே

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க்கடைகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சாமுவேல் ஐசையாவின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

பகாங், முவாட்சாம் ஷா வட்டாரத்தில் உள்ள ருன்சாங் தேசியப் பள்ளியில் ஓராங் அஸ்லி பழங்குடி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் இவர். "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்ற எண்ணத்தோடுதான் முதலில் மோத வேண்டியிருந்தது. பாடநூலோடு யுக்குலேலே என்ற இசைக்கருவியையும் வகுப்புக்கு எடுத்துச் சென்றார். பாட்டு வந்ததும் கூச்சம் விலகியது. பொதுமக்களிடம் நிதி திரட்டி வகுப்பறையையும் மாற்றினார். சுமார் 30 விழுக்காடாக இருந்த ஆங்கிலத் தேர்ச்சி 80 விழுக்காட்டை எட்டியது.

2020இல் உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற பத்துப் பேரில் இவரும் ஒருவர். வென்றவர் மகாராஷ்டிரத்தின் ரஞ்சித்சிங் டிசாலே. பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்தார். ஆளுக்கு ஏறக்குறைய 55,000 டாலர்.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியை முடிக்கும் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆறாம் ஆண்டுவரை தமிழில் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. பாடமொழி, நண்பர்கள், ஆசிரியர்கள் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. புரியாததைக் கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் பலர் பின்வரிசைக்கு ஒதுங்குகிறார்கள். முதல் மாதத்தில் ஆசிரியர் அவர்களின் பெயரைச் சரியாக உச்சரிப்பதும், தவறான விடையைப் பொறுமையாகக் கேட்பதும் கூடுதல் செலவில்லாத வேலைகள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டின் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசலாம்.