இரண்டாம் தொகுதியின் ஊர்கள்

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை இருப்பதற்குக் காரணம், 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலடியில் கிடந்ததுதான். அந்தக் கடலில் வாழ்ந்த கிரிபியா சிப்பிகள் செத்துக் குவிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. கல்லங்குறிச்சிப் படிவம் என்று நிலவியலாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லாரியிலிருந்து சிதறி ரோட்டோரம் கிடக்கும் கல்லைக் கையில் எடுத்தால், பல நேரம் அதில் முழுச் சிப்பி ஒன்று பதிந்திருக்கும். விரல் தடிமனில் கனத்த ஓடு. விளிம்பில் ஏடு ஏடாக வளர்ச்சி வரிகள். அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். அந்த ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட்.

பிளஸ் ஒன் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையைத் தொடங்கும்போது இந்தச் சிப்பியைத்தான் மேசைமேல் வைக்கிறேன். ஹைட்ரஜன், ஹீலியம் என்று இடமிருந்து வலமாக ஒப்பிக்கவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு செங்குத்து வரிசையை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கினாலே அட்டவணை எப்படி அமைந்திருக்கிறது என்பது புரிந்துவிடும். எங்கள் அரியலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை இரண்டாம் தொகுதியாக இருப்பதே நியாயம். பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம்: இந்த ஆறில் பலவற்றுக்குத் தமிழ்நாட்டிலேயே ஊர் உண்டு.

பெரிலியத்துக்குக் காங்கேயம் பக்கத்துப் படியூர். அங்கே கிடைத்த நீலப்பச்சைப் பெரில் கற்களை ரோமானியர்கள் காலத்திலிருந்தே உலகம் தேடி வந்திருக்கிறது. மெக்னீசியத்துக்குச் சேலம், மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளை மேடுகளை ரயிலில் போகும்போதே பார்க்கலாம். கால்சியத்துக்கு நாங்கள். ஸ்ட்ரான்சியத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். பெரம்பலூர் மாவட்டக் காரையில், செம்மண் ஓடைகள் அறுத்துப்போட்ட களிமண் காட்டில் ஜிப்சம் நரம்புகளோடு சிலஸ்டைட் என்னும் ஸ்ட்ரான்சியம் சல்பேட்டும் கிடைக்கிறது. பேரியத்தை ஒரு காலத்தில் சிவகாசி அறிந்திருந்தது. பட்டாசின் பச்சை வெளிச்சம் அதனுடையது.

ஆறுக்கும் பொதுவானது ஒன்று. அணுவின் வெளிக்கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள். இரண்டையும் கொடுத்துவிட்டு +2 அயனியாக நிற்பதே இவற்றின் சுபாவம். கீழே இறங்க இறங்க உள்ளே கூடுகள் கூடுவதால் அயனி பெருக்கிறது: மெக்னீசியம் 72 பிக்கோமீட்டர், கால்சியம் 100, ஸ்ட்ரான்சியம் 118, பேரியம் 135. அயனி சின்னதாக இருந்தால் மின்சுமை குறுகிய இடத்தில் செறிந்து, பக்கத்திலுள்ள கார்பனேட்டை இழுத்துச் சிதைக்கும். அதனால்தான் மெக்னீசியம் கார்பனேட் குறைந்த சூட்டிலேயே உடைகிறது. கால்சியம் கார்பனேட்டுக்கு ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். பேரியம் கார்பனேட்டோ 1,300-ஐத் தாண்டினால்தான் அசையும்.

ரெட்டிபாளையத்தின் பிழைப்பு இந்த நடு இடத்தில்தான் இருக்கிறது. 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது களிமண்ணிலுள்ள சிலிக்கா, அலுமினா, இரும்போடு 1,450 டிகிரியில் கூடிக் கிளிங்கர் உருண்டைகளாகிறது. கிளிங்கரோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சமும் கால்சியத்தின் உப்புதான். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் கொத்தனாருக்கு அவகாசம் தருவது அது.

மெக்னீசியமும் கால்சியமும் அண்ணன் தம்பிதானே, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் என்ன என்று வகுப்பில் கேட்டேன். சூளையில் வேலை பார்ப்பவரின் மகன் எழுந்து, “மெக்னீசியா ஏறிடுச்சின்னா நல்ல கல்லைக் கலந்து விடுவாங்க, சார்” என்றான். ஏன் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் சொன்னது என்னவோ சரி. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் மெக்னீசியா, அதாவது மெக்னீசியம் ஆக்சைடு, 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் உடனே கொதித்து ஆவி பறக்க நீறிவிடும். 1,450 டிகிரியில் வெந்த மெக்னீசியாவோ நீறுவதற்கு வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கட்டி முடித்து, குடி போய், எல்லாரும் மறந்த பிறகு சுவருக்குள் உப்பி விரிசல் விடும். தண்ணீருக்கும் சூட்டுக்கும் அசையாத அதே பிடிவாதம்தான் சூளைக்கு வேண்டியிருக்கிறது. சிமெண்ட் சூளையில் சூடு உச்சத்தில் இருக்கும் பகுதிக்கு உள்ளே பதிப்பது மெக்னீசியா செங்கல். கால்சியம் வேகிறது, மெக்னீசியம் அதைத் தாங்கி நிற்கிறது.

இந்த வேறுபாட்டை மெண்டலீவும் உணர்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு. 1869-இல் அவர் வெளியிட்ட முதல் அட்டவணையில் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கின்றன. மெக்னீசியம் அங்கே இல்லை. அதைப் பெரிலியத்தோடும் துத்தநாகத்தோடும் காட்மியத்தோடும் வைத்தார். 1871-இல் திருத்தியபோதுதான் எல்லாம் ஒரே தொகுதிக்குள் வந்தன. அவருக்கும் முன்னால், 1817-லேயே ஜெர்மானியர் டோபரைனர் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றில் ஓர் ஒழுங்கைப் பார்த்துவிட்டார். இன்றைய அணு நிறைகளைக் கொண்டு பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம்: கால்சியம் 40.08, பேரியம் 137.33, சராசரி 88.7. ஸ்ட்ரான்சியம் 87.62. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், தராசை மட்டும் நம்பி இதைக் கண்டார்கள்.

சோதனைக்கூடத்தில் நிக்ரோம் கம்பியை உப்பில் தொட்டுச் சுடரில் காட்டும் நாளுக்குப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் கண்ணைப் பறிக்கும் இரத்தச் சிவப்பு, பேரியம் இளம்பச்சை. பேரிய உப்பு விஷம் என்று அப்போதே சொல்லிவிடுவேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் அதற்குத் தடை போட்டது. ஆனால் பேரியம் சல்பேட்டை மட்டும் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். காரணம் இதே செங்குத்து வரிசைதான். மெக்னீசியம் சல்பேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும். கால்சியம் சல்பேட்டான ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம். பேரியம் சல்பேட் இரண்டு மூன்று மில்லிகிராம்தான். கரையாததால் உடம்பு அதை எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்துக்கொள்ளும் கதைகளும் உண்டு. ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்கு அடுத்த படியில் இருப்பதால் எலும்பு அதை முழுதாக விலக்கிவிடுவதில்லை. அணுகுண்டுச் சோதனைகள் வானில் நடந்த 1950-களில் ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் படிந்து, மாட்டுப்பால் வழியாகக் குழந்தைகளிடம் வந்தது. 1958-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், விழுந்த பால்பற்களைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி அளந்தார்கள். 1963-இல் வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்ததில் அந்தப் பற்களுக்கும் பங்கு உண்டென்று நான் நம்புகிறேன்.

வரிசையின் அடியில் ரேடியம். 1898-இல் கியூரி தம்பதி அதைக் கண்டுபிடித்ததே, பிரித்தெடுக்கும்போதெல்லாம் அது பேரியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் தீட்டிய அமெரிக்கப் பெண்கள், தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூர்படுத்தினார்கள். 1920-களில் அவர்களுடைய தாடை எலும்புகள் சிதைந்தன. ரேடியம் கால்சியத்தின் வழியில் எலும்புக்குள் போயிருந்தது. அவர்கள் தூரிகையைக் கையில் எடுத்தபோது மெண்டலீவின் அட்டவணைக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான் என்றாலும், ரேடியம் எந்த வரிசையில் உட்காரும் என்பது வேதியியலாளர் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் முணுமுணுத்தாலும், இந்தப் பெண்களுக்காக வருஷந்தோறும் ஒரு முழு பீரியடை ஒதுக்கிவைக்கிறேன்.